சோப்புப் போட்ட பெல்ட்டும் கோமதியின் லைசென்ஸும்

1. காது

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்குக்குப் பொறுமை வேண்டும் என்று எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். பொறுமை வரவில்லை, காது வந்தது. அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற ரோட்டில் என் ஷெட் இருக்கிறது. ரோட்டில் ஒரு கார் தாண்டினால் போதும், வீல் பேரிங் போய்விட்டதா, சைலன்சரில் ஓட்டையா என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவேன். இது பெரிய வரம் என்று நினைத்துவிடாதீர்கள். யாருடைய வண்டியோ கத்தினால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படி என்னைப் பாடாய்ப் படுத்திய வண்டி ஸ்டெல்லா டீச்சருடையது. டீச்சர் ஆவடிக்காரர். திருவேற்காட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஒரே ஒரு பழைய சின்ன கார், இரண்டு பக்கமும் கிளட்சும் பிரேக்கும் வைத்தது, மண்டையில் எல் போர்டு. படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தினமும் காலையில் என் ஷெட்டைத் தாண்டித்தான் ஏரிக்கரை மைதானத்துக்குப் போவார்கள். தாண்டும்போது ஒரு 'கிரீச்'. ஃபேன் பெல்ட் வழுக்குகிற சத்தம். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடுவேன்.

"டீச்சர்! பெல்ட்டு கத்துது! இட்டாந்து வுடுங்க, பத்து நிமிஷ வேலை!"

"இந்த பேட்ச் முடியட்டும் அண்ணா!"

எந்த பேட்ச்தான் முடிந்தது? ஒரு பேட்ச் முடிந்தால் அடுத்த பேட்ச். அவருக்கு வண்டி நின்றால் பிழைப்பு நின்றது. அது எனக்குப் புரிகிறது, காதுக்குப் புரியவில்லை.

பிறகு ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. வண்டி ஷெட்டைத் தாண்டிப் போகிறது, கிரீச் இல்லை. வேறு எங்கோ கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. நம்மை விட்டு வேறு ஷெட்டா என்று.

2. கோமதி

அந்த வண்டியில் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி என் மனைவி கோமதி.

கோமதி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மதியச் சாப்பாடு போடுகிறாள். சமையல் முழுக்க அவள் பொறுப்பு, உதவிக்கு இரண்டு பெண்கள். சாப்பாடு கொண்டுபோக ஒரு பழைய மினி வேன் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேறு வேலைக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் நான் ஓட்டினேன். நடு மத்தியானம் ஷெட்டை விட்டுப் போனால் இங்கே வண்டிகள் பானட்டைத் திறந்தபடி காத்துக் கிடக்கும், வண்டிக்காரர்கள் போனில் திட்டுவார்கள். அங்கே சாப்பாடு லேட்டாகும், அவர்களும் திட்டுவார்கள். வேறு டிரைவர் பார்த்தோம், ஒருவரும் நிலைக்கவில்லை. கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்: வரும் திங்கள் முதல் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்.

"நானே ஓட்டிக்கிறேன்" என்றாள் கோமதி.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பழகுவதற்கான லைசென்ஸ், எல்.எல்.ஆர்., எடுத்து மாதக்கணக்காகிவிட்டது, ஸ்டெல்லா டீச்சரிடம் ஓட்டப் பழகுகிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். அது அந்த வாரத்தோடு காலாவதி. வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் டெஸ்ட். அதை விட்டால் மறுபடி முதலிலிருந்து.

"நான் சொல்லித் தர மாட்டேனா? ஊட்லயே மெக்கானிக்க வெச்சிகினு டீச்சராண்ட போய்க் கத்துக்கிறியே?"

"உன்னாண்டயா? நான் கிளட்ச்ச மிதிக்கிறதுக்கு முன்னாடியே நீ என் கால மிதிப்ப. வேணாம்யா. நீ அந்த வண்டி கிட்டயே வராத. அது ஒண்ணுதான் நீ எனக்குப் பண்ற ஒத்தாசை."

சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது சுலபம், காப்பாற்றுவதற்குத்தான் என்னைப் போன்ற ஆட்கள் படுகிற பாடு.

3. ஆவி

வெள்ளிக்கிழமை காலை. நான் ஷெட்டில் ஒரு காருக்கு பிரேக் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறேனே தவிர, கண் கடிகாரத்தில் இருந்தது. இந்நேரம் கிளம்பியிருப்பாள், இந்நேரம் வேலப்பன்சாவடி தாண்டியிருப்பாள் என்று மனசு வண்டிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் எல் போர்டு கார் என் ஷெட்டுக்குள் வந்து நின்றது. பானட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஆவி. ஓட்டிவந்தது டீச்சர். பக்கத்தில் கோமதி, நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சிவப்பில் நின்றது, பேட்டரி லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, கிளம்பி கொஞ்ச தூரம்தான் போனோம். முள்ளு ஏறிடுச்சு. மதியம் வரைக்கும்தான் டெஸ்ட் எடுப்பாங்க. அதுக்குள்ள முடியுமா?"

"ஆஃப் பண்ணுங்க! மொதல்ல ஆஃப் பண்ணுங்க டீச்சர்!"

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அவசரம் என்றால் இன்னும் திறக்காதீர்கள். என் முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, அது அவசரத்தில் வாங்கியது. டெம்பரேச்சர் ஏறிய எஞ்சின் ஆறுகிற வரை ஒன்றும் செய்ய முடியாது. எனக்கோ அதைவிடக் கொடுமை கிடையாது. பானட்டைத் தூக்கிவைத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஸ்பேனரை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன்.

"உக்காருய்யா. நீ சுத்துறதப் பாத்து எனக்கு மயக்கம் வருது" என்றாள் கோமதி.

4. சோப்பு

கை வைக்கிற அளவுக்கு ஆறியதும் உள்ளே பார்த்தேன். பெல்ட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படை படிந்திருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தேன். துணி துவைக்கிற சோப்பு.

"டீச்சர், இது இன்னா? பெல்ட்டுல யார் சோப்பு போட்டது?"

டீச்சர் தரையைப் பார்த்தார். கோமதி கூரையைப் பார்த்தாள்.

"நான்தான் அண்ணா. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சமா தேய்ப்பேன். சத்தம் நின்னுடும்."

"சத்தம் நின்னா போதுமா? எங்கிட்ட இட்டாந்தா பெல்ட்டு மாத்தியிருப்பேன்ல?"

"மத்தவங்களுக்காக இல்லண்ணா. உங்க ஒய்ஃபுக்காகத்தான்."

விஷயம் இதுதான். என்னிடம் வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நான் ஒரு பாட்டுப் பாடுவேன். "சத்தம் வந்தா ஓட்டாதீங்க. அப்பிடியே நிறுத்துங்க. எறங்கிப் பாருங்க." வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பாட்டுதான்: இன்று ஒருத்தன் சத்தத்தோடு ஓட்டி எஞ்சினை ஜாம் ஆக்கிவிட்டான், முட்டாள், நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கும். இதைத் திருமணமான நாளிலிருந்து கேட்டவள் கோமதி. அதனால் மைதானத்தில் வண்டியைக் கிளப்பி, பெல்ட் ஒரு கிரீச் போட்டதும், அவள் என்ன செய்வாள்? இரண்டு காலையும் பெடல்களில் அழுத்தி வண்டியை அப்படியே நிறுத்துவாள். ஹேண்ட் பிரேக் போடுவாள். கதவைத் திறந்து இறங்கி, பானட்டைத் திறக்கச் சொல்வாள். மற்ற பெண்களெல்லாம் சத்தத்தோடே ஓட்டிப் போக, மெக்கானிக் பெண்டாட்டி மட்டும் ஒவ்வொரு கிரீச்சுக்கும் நடு மைதானத்தில் இறங்கி நிற்பாள்.

"டெஸ்ட்ல நடுவுல இறங்கினா ஃபெயில் பண்ணிடுவாங்க அண்ணா. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'அவரு நிறுத்தச் சொல்லியிருக்காரு'ன்னே நிக்கறாங்க. அப்புறம்தான் சோப்பு போட்டேன்."

எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோமதியைப் பார்த்தேன்.

"என்ன ஏன் முறைக்கிற? நீ சொன்னதத்தான செஞ்சேன்" என்றாள்.

சோப்புப் போட்டால் சத்தம் நிற்கும். வழுக்கல் நிற்காது. பெல்ட் சத்தமில்லாமல் இன்னும் நன்றாக வழுக்கும். பெல்ட் வழுக்கினால் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப் சரியாகச் சுற்றாது, எஞ்சின் கொதிக்கும். அதற்குமேல் ஏரிக்கரை மைதானத்தின் நைசான மண் புழுதி. சோப்பில் புழுதி ஒட்டினால் இரும்பைத் தேய்க்கிற எமரி பேப்பர் மாதிரி ஆகிவிடும். அது பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, புல்லியை, நாள்தோறும் அரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

5. புது பெல்ட்

ஆனால் புல்லி தேய்ந்திருக்கிறது என்பதை நான் முதலில் பார்க்கவில்லை. அவசரம். ஷெட்டில் புது பெல்ட் இருந்தது. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை லிவரால் நெம்பி இழுத்து டென்ஷன் வைத்து, போல்ட்டை முறுக்கினேன். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்தேன்.

கிரீச்.

கோமதி இரண்டடி பின்னால் போனாள். நான் டென்ஷனை இன்னும் கூட்டினேன். திரும்ப கிரீச். இன்னும் கூட்டலாமா என்று லிவரில் கை வைத்தபோது நல்லவேளையாக எனக்கே புத்தி வந்தது. பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்தால் வாட்டர் பம்ப்பின் பேரிங் போய்விடும், ஒரு வாரத்தில் பம்ப்பிலிருந்து தண்ணீர் சொட்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை விரல் அளவு இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எஞ்சினை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த மாதிரி பழைய வண்டிகளில் ஒரே வி பெல்ட்தான் எஞ்சின் சுற்றுகிற க்ராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் மூன்றையும் சுற்றும். பெல்ட் புல்லியின் பள்ளத்தில் இரண்டு பக்கச் சுவரையும் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். மேல் விளிம்பு வரை அதன் முதுகு தெரிய வேண்டும். வாட்டர் பம்ப் புல்லியில் மட்டும் புது பெல்ட் பள்ளத்துக்குள் அமிழ்ந்து கிடந்தது. பெல்ட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் பள்ளத்தின் அடி கண்ணாடியாகப் பளபளத்தது. அடி பளபளத்தால் புல்லி போய்விட்டது என்று அர்த்தம். மற்ற இரண்டும் கெட்டியான புல்லிகள், தப்பித்துவிட்டன. இது தகட்டில் அழுத்திச் செய்தது, சோப்பும் மண்ணும் தின்றுவிட்டன.

அம்பத்தூருக்குப் பக்கத்தில், பாடியில், எனக்குத் தெரிந்த ஸ்பேர் கடைக்குப் போன் போட்டேன். இருக்கிறது, டூவீலரில் ஆள் அனுப்புகிறேன் என்றார் கடைக்காரர். அந்த ஆள் வருகிற வரை நான் ரோட்டில் நின்றேன். ஷெட்டுக்குள் போனேன், ரோட்டுக்கு வந்தேன். டீச்சர் கையில் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். கோமதி ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காற்றில் கியர் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். ஃபர்ஸ்ட், செகண்ட், நியூட்ரல், ரிவர்ஸ். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிடும்போலிருந்தது. இவ்வளவு ஆசையை இவள் எங்கே வைத்திருந்தாள்?

ஆள் வந்தார். பெட்டியைப் பிரித்தேன். பல கோடு போட்ட பட்டை பெல்ட்டுக்கான புல்லி, புது மாடலுடையது. நமக்கு ஆகாது.

6. செல்லையா சார்

அப்போதுதான் என் கண் ஷெட்டின் மூலையில் நின்ற காரின் மேல் விழுந்தது. அதே மாடல். கதவில் ஒடுக்கு எடுக்கிற டிங்கர் வேலைக்காக வந்தது. முத்தாபுதுப்பேட்டை செல்லையா சாருடையது. ஆவடியில் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வண்டியை விடும்போதே, எந்தெந்த இடத்தில் என்னென்ன கீறல் என்று எனக்குச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் விடுவார். அந்த வண்டியின் புல்லி புதுசு போல இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஸ்பேனரோடு அந்தப் பக்கம் நடந்தேன்.

"இன்னா பண்ற?" கோமதி எழுந்துவிட்டாள்.

"கழட்டி இதுல போடறேன். சாயந்திரம் புதுசு வந்ததும் அதுல மாட்டிட்டா முடிஞ்சி போச்சி. அவருக்குத் தெரியவா போவுது?"

"அவர கேட்டியா?"

"நேரமில்லடி!"

"கேக்காம கை வெச்சே, நான் டெஸ்ட்டுக்கே போமாட்டேன். நம்பி வுட்டுட்டுப் போன வண்டிய்யா அது."

அவள் சொன்னால் செய்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எனக்குத் தலை வெடித்துவிடும்போலிருந்தது. ஒரு புல்லி! நாலு போல்ட்! கைக்கெட்டும் தூரத்தில்! நான் கோமதியை முறைக்க, அவள் கைப்பையைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியின் பானட்டின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். டீச்சர் கையில் ஜெபமாலை வேகமாக நகர்ந்தது.

போன் திரும்பி வந்தது.

"என்ன தம்பி, இத்தனை வாட்டி கூப்பிட்டிருக்கிய? நான் வாக்கிங் போயிருந்தேன், போனு வீட்டுலல்லா கெடந்துச்சு. என் வண்டிக்கு என்ன?"

சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"டெஸ்ட்டுக்குப் போறது யாரு? உங்க வீட்டுக்காரியா?"

"ஆமா சார்."

"அப்பம் எதுக்கு என்கிட்ட பேசிட்டு நிக்கிய? கழட்டுங்க. போல்ட்டு நாலையும் ஒரு டப்பால போட்டு என் சீட்டு மேல வைங்க. கலந்துரப்படாது. அந்தப் பிள்ளய தைரியமா ஓட்டச் சொல்லுங்க."

போனை வைத்ததும் கோமதி பானட்டிலிருந்து நகர்ந்தாள். 'பாத்தியா' என்பது அவள் முகத்தில் இருந்தது.

7. நாலு போல்ட்

இந்த வேலையை இனி யாராவது செய்தால் இப்படிச் செய்யுங்கள். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே புல்லியின் நாலு போல்ட்டையும் லேசாக இளக்கிவிடுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கிறவரை புல்லி சுற்றாது, ஸ்பேனருக்குப் பிடி கிடைக்கும். பெல்ட்டை எடுத்துவிட்டு போல்ட்டைத் திருகினால் புல்லியும் கூடவே சுற்றும், நீங்களும் கூடவே சுற்றலாம். அதற்குப் பிறகு ஆல்டர்னேட்டர் போல்ட்டுகளை இளக்கி, பெல்ட்டை எடுத்து, புல்லியைக் கழற்றுங்கள். கழற்றிய கையோடு பம்ப்பின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பம்ப்பும் போய்விட்டது. டீச்சர் வண்டியில் ஆடவில்லை. எனக்கு உயிர் வந்தது.

எஞ்சினுக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில் ஒரு கை போகத்தான் இடம். தகடு கிழித்து விரல் முட்டியில் ரத்தம். பம்ப்பின் முகத்தில் இருந்த துருவை எமரியால் தேய்த்தேன். மற்ற இரண்டு புல்லியிலும் ஒட்டியிருந்த சோப்பைப் பெட்ரோல் நனைத்த துணியால் பள்ளம் பள்ளமாகத் துடைத்தேன். இதை விட்டிருந்தால் எல்லாம் வீண். செல்லையா சார் வண்டியின் புல்லியை வைத்து, போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக முறுக்கினேன். புது பெல்ட்டை மாட்டி டென்ஷன் பார்த்தேன். பெல்ட் விளிம்புக்குச் சரியாக உட்கார்ந்தது.

ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தேன், பெல்ட்டுக்குப் பாரம் கூட ஹெட் லைட்டைப் போட்டேன். பெல்ட் மூச்சுக்கூட விடவில்லை. முள் ஏறவில்லை.

"போங்க! போங்க!" என்று கதவை நானே சாத்தினேன். அவர்கள் ரோட்டில் ஏறியதும் ஷெட்டை அப்படியே போட்டுவிட்டு, கை கழுவாமல் என் டூவீலரில் பின்னாலேயே போனேன். அந்த வண்டி கிட்டயே வராதே என்றுதான் சொன்னாள். நான் கொஞ்சம் தள்ளித்தான் போனேன்.

8. பிரேக் இன்ஸ்பெக்டர்

பூந்தமல்லி டெஸ்ட் கிரவுண்டில் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டேன். கோமதிக்கு முன் சில பேர் ஓட்டினார்கள். வரிசை முடியப்போகிற நேரம்தான் அவள் முறை வந்தது. டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வெயிலுக்குக் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். டீச்சர் வேலிப் பக்கம் வந்து என்னைப் பார்த்தார், திட்டவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டார்.

கோமதி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. இத்தனை நாள் அவள் அந்த வண்டியில் கேட்டதெல்லாம் ஒன்று கிரீச், இல்லையென்றால் சோப்பு போட்டு வழுக்குகிற ஒரு புஸ்ஸென்ற சத்தம். இப்போது அது எதுவும் இல்லை. பக்கத்தில் வேறு வண்டிகளின் இரைச்சல். அணைந்துவிட்டது என்று நினைத்து, ஓடுகிற எஞ்சினில் மறுபடி சாவியைத் திருப்பினாள்.

கர்ர்ர் என்று செல்ஃப் மோட்டார் பல்லில் உரசியது. கிரவுண்டே திரும்பிப் பார்த்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. அவளுடைய வலது கால் வெளியே வந்து மண்ணில் ஊன்றியது. டீச்சர் "ஐயோ இயேசுவே" என்றார். இறங்காதே என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட மிகப் பெரிய தருணம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னாம்மா, எறங்கற? ஓட்டலியா?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

கோமதி கொஞ்சம் யோசித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே அவள் மூளை ஓடுவது தெரிந்தது.

"இல்ல சார். ஒரு சத்தம் கேட்டுச்சி. இன்னான்னு பாத்தேன். வண்டில ஒண்ணுமில்ல. ஓடற வண்டிக்கு நான்தான் ரெண்டாந்தபா சாவி போட்டுட்டேன். ஓட்டறேன் சார்."

காலை உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். கிளட்ச், ஃபர்ஸ்ட் கியர். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. நேராகப் போனாள், திரும்பினாள், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள், ரிவர்ஸில் வளைந்து கோட்டுக்குள் வந்தாள். நான் ஓட்டியிருந்தால் இவ்வளவு நிதானமாக ஓட்டியிருக்க மாட்டேன்.

"கண்ணாடிய பாத்து ரிவர்ஸ் எடுத்ததே இன்னிக்கி நீ ஒருத்திதாம்மா. போ, பாஸு" என்றார் அவர்.

டீச்சர் என் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், வெயில் கடுமையாக இருந்தது.

9. திங்கட்கிழமை

சனிக்கிழமை செல்லையா சார் வண்டிக்குப் புதுப் புல்லி வந்தது, மாட்டினேன். அவர் வந்து, குனிந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய சர்டிஃபிகேட்.

சனியும் ஞாயிறும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கோமதியை மினி வேனில் பழக்கினார். திங்கட்கிழமை பாத்திரங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, "முதல் நாளு, நானும் வரேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாய தொறக்கக் கூடாது."

"தொறக்கல."

பாதி தூரம் வரை நான் சொன்னபடி நடந்தேன். என் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அம்பத்தூர் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் ஆரம்பித்தது. டங்... டங்... டங். வேகத்துக்கு ஏற்றபடி கூடுகிறது, குறைகிறது. எனக்குக் கழுத்து வேர்த்தது. ஷாக் அப்சார்பர் புஷ்ஷா? பின் சக்கரத்தைச் சுற்றவைக்கிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டா? போனவாரம்தானே நானே பார்த்தேன்? என்னால் முடியவில்லை.

"நிறுத்து! கோமதி, ஓரமா நிறுத்து! பின்னாடி ஏதோ போச்சி!"

அவள் நிறுத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், ஒரு பஸ்ஸைத் தாண்டினாள். கியரை மாற்றி மறுபடி தன் பக்கத்துக்கு வந்தாள்.

"அது ரசம் அண்டா மூடி. காலைல க்ளிப்பு ஒண்ணு ஒடைஞ்சிடுச்சி, துணி கட்டி வெச்சிருக்கேன். நீ கம்முனு வா, பதினஞ்சு நிமிஷத்துல சோறு எடுத்து வெக்கணும்."

முப்பது வருஷமாக இந்தக் காதை வைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். ரசம் அண்டா மூடியை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று சொல்லிவிட்டேன். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது, ஆனால் அதை அவளிடம் சொல்ல வாயைத் திறக்கக் கூடாதே.

இப்போது என் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் பழைய பாட்டைப் பாடுவதில்லை. சத்தம் வந்தால் முதலில் முள்ளைப் பாருங்கள், லைட் எரிகிறதா பாருங்கள், ஸ்டியரிங் இழுக்கிறதா பாருங்கள் என்று சொல்லித் தருகிறேன். எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு நிறுத்தாமல் ஓட்டிப் போய், பிறகு நிதானமாக ஷெட்டுக்குக் கொண்டுவரலாம் என்று பிரித்துச் சொல்கிறேன். சொல்ல நேரம் அதிகம் பிடிக்கிறது, எனக்கு முழங்கால் ஆடுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். நாம் வாடிக்கையாளர் தலையில் பயத்தை ஏற்றிவிட்டால் அவர்கள் அதற்குச் சோப்புத் தேய்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். புல்லி நமக்குத் தெரியாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

அன்று கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோமதி வேனை ரிவர்ஸில் எடுத்து கேன்டீன் கதவோடு ஒட்டி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள். சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எறங்கு. அண்டாவ ஒரு பக்கம் பிடி."

பிடித்தேன்.